சீமைக்கருவேல மரத்தில் பிரிக்கெட் யூனிட்: மணிக்கு 1 டன் கட்டுப்படியாகுமா?

கேள்வி: முதுகுளத்தூரான்

எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் தாராளமாகக் கிடக்கிறது. மரத்தைச் சில்லாக நறுக்கும் சிப்பர், அதைத் தூளாக்கும் ஹேமர் மில், தூளை எரிகட்டியாக (பிரிக்கெட்) அழுத்தும் 90 மி.மீ. பிரிக்கெட் பிரஸ் போட்டு மணிக்கு 1 டன், தினம் 16 மணி நேரம், மாதம் 25 நாள் ஓட்டுவதாகத் திட்டம். சாயப்பட்டறை பாய்லர்களுக்கும் அனல் மின் நிலையத்துக்கும் விற்கலாம் என்கிறார்கள். ஈரத்தை உலர்த்தும் டிரையர் கட்டாயம் வேண்டுமா? பச்சை மரத்தை டன் கணக்கில் வாங்கலாமா?

பதில்: பாய்லர்வாசி

சார், இந்தத் தொழிலில் லாபத்தைத் தின்பது தண்ணீர். 40% ஈரமுள்ள மரத்திலிருந்து 10% ஈரத்தில் 1 டன் பிரிக்கெட் எடுக்க 1,500 கிலோ பச்சை மரம் வேண்டும். 500 கிலோ தண்ணீரை ஓட்ட வேண்டும். 1 கிலோ தண்ணீருக்கு டிரையரில் சுமார் 1,000 கிலோ கலோரி பிடிக்கும். அதாவது டன்னுக்கு ஏறக்குறைய 130 கிலோ காய்ந்த மரம் டிரையரைச் சூடாக்கும் உலைக்கே போய்விடும். அதே மரம் 25% ஈரத்தில் உள்ளே வந்தால் 1,200 கிலோ போதும், உலைக்கு 50 கிலோ சொச்சம்தான். வெட்டிய கட்டையை வெயிலில் ஒரு மாதம் போல அடுக்கி வையுங்கள். அதற்கு மேல் முறுகக் காயவிட வேண்டாம். இது கடின மரம், சிப்பர் பிளேடு சீக்கிரம் மழுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்ப முடியாது, ஆகவே டிரையர் வேண்டும்.

வெறும் டன் கணக்கில் வாங்காதீர்கள். லோடின் நடுவிலும் அடியிலும் துண்டெடுத்து, பொடித்து, 100 கிராமை 105 டிகிரி ஓவனில் எடை குறையாமல் நிற்கும்வரை வையுங்கள். 62 கிராம் மிஞ்சினால் ஈரம் 38%. காய்ந்த எடைக்கு விலை பேசுங்கள்.

பதில்: டைமெக்கானிக்

பிரஸ்ஸுக்குள் போகும் தூள் 8 முதல் 12% ஈரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் டைக்குள் (தூளைக் கட்டியாக்கும் அச்சு) நீராவி அடைத்து, கட்டி குறுக்கே வெடித்துத் துண்டு துண்டாக வரும், சில நேரம் பட்டென்று பீய்ச்சும். 6%க்குக் கீழே போனால் மரத்திலுள்ள, பசை போலப் பிடிக்கும் லிக்னின் சரியாக இளகாது. கட்டி உதிரும், மோட்டார் ஆம்பியர் ஏறும். தூள் 6 முதல் 8 மி.மீ., அதில் 10-20% நைஸ் பொடி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். பிரஸ்ஸை விட்டுக் கட்டி வெளியேறி ஆறும் கூலிங் லைனைச் சுருக்காதீர்கள். எதிர் அழுத்தம் கொடுத்துக் கட்டியை இறுக்குவது அதுதான்.

இன்னொன்று மண். வேர்க்கட்டையோடு வரும் மணல், தூளை இடித்துத் தள்ளும் ரேமையும் டையையும் அரம் போல அராவிவிடும். சுத்தமான மரத்தில் சாம்பல் 1-2%தான். 5%ஐத் தாண்டினால் லோடில் மண் இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். ஹேமர் மில்லுக்கு முன்னால் காந்தம் அவசியம். ஓர் ஆணி கிளப்பும் பொறி, காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோனில் தீயாகிவிடும்.

முதுகுளத்தூரான்: அப்படியானால் வேரோடு தோண்டும் ஒப்பந்தக்காரர்களிடம் வாங்க வேண்டாமா?

பதில்: கரிமூட்டம்

அடிமரமும் கிளையும் வாங்குங்கள், வேர் வேண்டாம். உங்கள் கணக்குப்படி மாதம் 400 டன் பிரிக்கெட்டுக்குப் பச்சை மரம் மட்டும் 600 டன், உலைக்கான மரம் தனி. கண்மாய்களில் ஏலம் எடுத்து வேரோடு அகற்றினால் அந்த இடம் மறுபடி சரக்குத் தராது. கண்மாய்க்கு அதுதான் நல்லது, உங்கள் ஆலைக்குத்தான் சிக்கல். பட்டா நிலத்தில் தரையோடு வெட்டினால் தழைத்து வரும், ஆனால் அதே மரத்துக்குக் கரி மூட்டம் போடுகிறவர்களும் போட்டிக்கு நிற்கிறார்கள். ஆகவே மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் பட்டாதாரர்களிடம் மூன்று, நான்கு வருட வெட்டு உரிமையை எழுதி வாங்குங்கள். கடலைத்தொலி, பருத்திமார் இரண்டையும் பருவத்தில் கலந்துகொள்ளலாம். நெல் உமியைக் குறைவாகச் சேருங்கள், அதன் சிலிக்கா டையைத் தேய்க்கும்.

மின் நிலையத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நிலக்கரியோடு 5% உயிரிப்பொருள் சேர்க்கச் சொல்லி 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் கொள்கை கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்பது பெல்லட், அதாவது சிறு குச்சி வடிவ எரிகட்டி. அதற்கு வேறு மெஷின். பாய்லர்காரரிடம் ஒப்பந்தம் போடும்போது ஜிசிவியை (ஒரு கிலோ எரிந்தால் வரும் வெப்பம்) வந்திறங்கும் நிலையில் அளப்பதா, காய்ந்த நிலையில் அளப்பதா என்று எழுதுங்கள். காய்ந்த நிலையில் 4,500 கிலோ கலோரி உள்ள சரக்கு 10% ஈரத்தோடு 4,050தான். எதுவும் எழுதாமல் விட்டால் முதல் லோடிலேயே விலையைக் குறைப்பார்கள். லாரிக்குத் தார்ப்பாயும் போடுங்கள். நனைந்த பிரிக்கெட் ஊதிப் பழையபடி தூளாகிவிடும்.