கழித்துப் போட்ட பட்டுக்கூடுகளில் விளக்குக் கூண்டு செய்ய முடியுமா?

மல்பெரித் தோட்டம், பாலக்கோடு:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். கூடுகளைத் தருமபுரி அங்காடிக்குக் கொண்டு போகும் முன், இரட்டைக் கூடு, கறை படிந்த கூடு, மெலிந்த கூடு என்று பொறுக்கி ஒதுக்குவதே ஒவ்வொரு முறையும் ஒரு கூடை சேர்ந்துவிடுகிறது. என் மகள் அவற்றை வெட்டிச் சாயமேற்றி மாலையும் ரோஜாவும் செய்து பார்த்தாள். அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் காகிதத்தில் செய்திருந்தாலும் அப்படியே இருந்திருக்கும் என்பதால் எனக்கு மனம் நிறையவில்லை. கூடு கூடாகவே தெரியும்படி, கூடத்தில் தொங்கவிடத்தக்க விளக்குக் கூண்டு செய்ய வழியுண்டா?

ஓவிய ஆசிரியர், கிருஷ்ணகிரி:
உங்கள் மனக்குறை நியாயமானது. சண்டிகரில் 1957-இல் நேக் சந்த் என்பவர் கழிவுப் பொருள்களைக் கொண்டு யாருக்கும் தெரியாமல் உருவாக்கத் தொடங்கி, 1976-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட கல் தோட்டத்தில், உடைந்த வளையல்கள் உருவங்களின் ஆடையாக ஆன பிறகும் வளையல்களாகவே தெரிகின்றன. கூட்டை ரோஜாவாக்கும்போது அந்த அடையாளம் மறைந்துவிடுகிறது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பாளர் நெரி ஆக்ஸ்மன் குழுவினர் 2013-இல் கணினி வழிகாட்டிய இயந்திரத்தால் பட்டு நூலைச் சட்டங்களில் கட்டி, அவற்றின் மீது 6,500 புழுக்களை விட்டு ஒரு பெரிய கூடாரத்தையே நூற்க வைத்தார்கள். புழு சாய்ந்து பிடித்துக்கொள்ளப் போதிய உயரமுள்ள மூலை கிடைத்தால்தான் கூடு கட்டும். தட்டையான பரப்பில் அது கிடைக்காதபோது அதே நூலைத் தாள் போலப் பரப்பிவிடும். ஆகவே கழிவுக் கூட்டை வெட்டி ஒட்டுவதைவிட, புழுவிடமே வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

பட்டு வளர்ப்பாளர், பென்னாகரம்:
ஆசிரியர் ஐயா சொன்னது சரிதான், ஆனால் கொட்டகையில் செய்வோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதிர்ந்த புழு நூற்கத் தொடங்கும் முன் கடைசியாக நீர்க்கழிவை வெளியேற்றும். எனவே முதலில் செய்தித்தாளில் விட்டு, அது கழிந்த பின்னரே சட்டத்துக்கு மாற்றாவிட்டால் பட்டுத் தாள் முழுதும் மஞ்சள் கறையாகும். புழுக்கள் ஓரத்தைத் தேடிப் போகும் என்பதால், விளிம்பில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் படியும். நூற்று முடிந்ததும் தாளின் மேல் கிடக்கும் கூட்டுப்புழுக்களைத் தனியே எடுத்து வைத்தால் அவை அந்துப்பூச்சியாகிவிடும்; கொல்ல வேண்டியதில்லை.

கையிலுள்ள கூடுகளைப் பயன்படுத்துவதானால், உள்ளே உயிருள்ளவற்றை உடனே வெட்டிப் புழுவை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் பூச்சி துளைத்து வெளிவரும், செத்த புழு இருந்தால் நாற்றமும் கூடு தின்னும் வண்டும் வந்து சேரும். மஞ்சள்தூள் சாயம் ஏற்றினால் வெயிலில் வெளுத்துவிடும், வெண்மையாகவே விடுவது நல்லது. உள்ளே எல்.ஈ.டி. விளக்கு மட்டும் போடுங்கள்.

பரிசல்துறை, ஒகேனக்கல்:
சட்டத்துக்கு ஒரு யோசனை: எங்கள் ஊர்ப் பரிசலின் மூங்கில் பின்னலைச் சிறு அளவில் செய்து கவிழ்த்தால் அதுவே கூண்டு. ஆனால் மூங்கில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் இடத்தில் மூலைகள் இருக்கும். அங்கே புழு ஏமாறாமல் கூடே கட்டிவிடும் என்று நினைக்கிறேன்.

மல்பெரித் தோட்டம், பாலக்கோடு:
எல்லோருக்கும் நன்றி. இந்த முறை அறுபது புழுக்களை, துணி இழுத்துக் கட்டிய வட்டச் சட்டத்தில் விட்டோம். பென்னாகரத்து நண்பர் சொன்னபடியே விளிம்பு தடித்து, நடுவில் வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தாள் வந்தது. ஓரிடத்தில் மட்டும் கறை, செய்தித்தாளில் விட்ட நேரம் போதவில்லை போலும். வெட்டி ஒழுங்குபடுத்தலாம் என்றேன். விளிம்பை அப்படியே விட வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அடுத்து ஒகேனக்கல் நண்பரின் மூங்கில் சட்டத்தைத்தான் சோதிக்கப் போகிறோம்: மூலைகளில் கூடும் இடைவெளிகளில் தாளுமாக வந்தால், கழித்த கூடுகளையும் அதன் நடுவே கோத்துவிடலாம்.