புதுப்பிப்பு: ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு ஜேபெக்கா, டிஃப்பா?

வீட்டிலுள்ள பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து எந்த வடிவத்தில் சேமிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு: பாதுகாக்க டிஃப் (TIFF, பொதுவாகத் தரம் குறையாமல் சேமிக்கும் பெரிய கோப்பு), உறவினர்களுக்கு அனுப்ப ஜேபெக் (JPEG, சில விவரங்களை விட்டுச் சுருக்கும் சிறிய கோப்பு).

ஜேபெக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் தரம் குறையும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படியல்ல. திறப்பதாலோ நகலெடுப்பதாலோ ஒரு பிட்கூட மாறாது. திருத்தி மறுபடி சேமிக்கும்போதுதான் இழப்பு. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாறுபாடுகளைத் தோராயமாக்கிவிடுகிறது. சுருக்கம் அதிகமானால் புடவைக் கரையிலும் எழுத்துகளின் விளிம்பிலும் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். பிறகு டிஃப்பாக மாற்றினாலும் போனது போனதுதான்.

டிஃப்பிலும் ஒரு வேடிக்கை. 16 பிட் ஸ்கேனுக்கு (ஒவ்வொரு புள்ளியின் சாயலையும் 16 பிட்டுகளில் நுணுக்கமாகப் பதிவது) எல்இசட்டபிள்யூ (LZW) என்ற தரம் குறைக்காத சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன், கோப்பு பெருத்துவிட்டது! திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைத் தேடிச் சுருக்கும் முறை அது. கடைசி பிட்டுகளில் வெறும் இரைச்சல் (ஒழுங்கே இல்லாத மாறுபாடுகள்) இருந்தால் பாவம், என்னதான் செய்யும்? ஜிப் சுருக்கம் ஓரளவு கைகொடுத்தது.

இன்னொன்று: டிஃப் கோப்புக்குள்ளும் ஜேபெக் சுருக்கம் இருக்கலாம். பெயரை நம்பாமல் ஸ்கேனர் மென்பொருளின் அமைப்பைப் பார்த்துவிடுங்கள்.