வாஷிங்டன் எல்லா அடிமைகளையும் விடுவித்தாரா?

தாமிரபரணி:
நேற்று வடகரை இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுண்ட் வெர்னன் பண்ணையின் அடிமைகள் எல்லாரையும் உயில் எழுதி விடுவித்தாராம், வீட்டில் மனைவி மார்த்தாவின் பேரப்பிள்ளைகளை வளர்த்த பரம சாதுவாம். 1799இல் அந்தப் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். உயிலால் விடுதலை பெற்றவர்கள் 123 பேர். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி எழுத மனசு வரவில்லையா?

வடகரை:
மீதிப் பேர் அவருடைய அடிமைகளே இல்லை சார். 153 பேர் மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் விட்டுப்போன சொத்து. மார்த்தா உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், அப்புறம் அது கஸ்டிஸ் வாரிசுகளுக்கு. இன்னொரு நாற்பத்தொரு பேர் வாடகைக்கு எடுத்தவர்கள். பண்ணை இருந்த வர்ஜீனியா மாநிலத்தின் சட்டப்படி இவர்களை விடுவிக்க அவருக்கு உரிமையே கிடையாது. தன்னுடையவர்களை எல்லாம் விடுவித்தார். நான் எழுதியது சரிதான்.

தாமிரபரணி:
317இல் 123. இது எல்லாரும் ஆகுமா? அந்த 123 பேருக்கும் உடனே விடுதலை இல்லை, மனைவி சாகும்வரை காத்திருங்கள் என்றுதான் உயில். உடனே விடுதலையானவர் ஒரே ஒருவர், அமெரிக்க விடுதலைப் போர்க்காலம் முழுக்க வாஷிங்டன் கூடவே இருந்த வில்லியம் லீ. ஆண்டுக்கு 30 டாலர் கொடுத்தார்கள். மற்றவர்களை மார்த்தா 1801 ஜனவரி 1 அன்று விடுவித்தார், அதுவும் தன் சாவுக்காகக் காத்திருக்கும் ஆட்களோடு ஒரே வீட்டில் இருக்கப் பயந்து. மார்த்தாவைப் போய்ப் பார்த்த அபிகெய்ல் ஆடம்ஸ், அப்போதைய ஜனாதிபதியின் மனைவி, கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்.

மாடவிளக்கு:
நான் நேரில் போய் மவுண்ட் வெர்னன் மாளிகையைப் பார்த்தவன். வாஷிங்டனின் பொய்ப்பல்லும் அங்கே வைத்திருக்கிறார்கள். மரப்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஈயமும் தந்தமும் மனிதப் பல்லும் விலங்குப் பல்லும்தான்.

தாமிரபரணி:
அந்த மனிதப் பல் யாருடையதோ? நீக்ரோக்களிடம் ஒன்பது பல் வாங்க 6 பவுண்டு 2 ஷில்லிங் கொடுத்ததாக 1784 கணக்கில் இருக்கிறதே, அதை அங்கே படிக்கவில்லையா?

மாடவிளக்கு:
அந்தப் பல்தான் அவர் வாயில் இருந்தது என்று அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தவனுக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் பாடம் எடுக்கிறார்.

கோமதி:
பல்லை விடுங்கள். அந்த 123 பேரும் 153 பேரும் தங்களுக்குள் கல்யாணம் செய்து குடும்பமாக இருந்தவர்கள். கணவனுக்கு விடுதலை, மனைவியும் பிள்ளைகளும் அடிமைகள். 1802இல் மார்த்தா இறந்ததும் அந்த 153 பேரை நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இதை யாரும் பேசாமல் எண்ணிக்கைக்குச் சண்டை போடுகிறீர்கள்.

வடகரை:
மேடம், அந்தப் பிரிவு நடக்கும் என்று தெரிந்துதான் வாஷிங்டன் பல வருடம் தவித்தார். அடிமைகளை விடுவிக்க வழி தேடிப் பண்ணைகளைக் குத்தகைக்கு விட 1796இல் விளம்பரம்கூடக் கொடுத்தார், ஆள்தான் கிடைக்கவில்லை. முதியவர்களுக்குச் சாப்பாடும் துணியும் தர வேண்டும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று உயிலில் எழுதினார். 1833 வரை அவர் சொத்திலிருந்து பணம் போனது. அடிமைகளை வைத்திருந்த எந்த ஜனாதிபதி இவ்வளவு செய்தார்? எல்லாரையும் விடுவித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாமிரபரணி:
123. நீங்கள் எத்தனை முறை எழுதினாலும் அது 317 ஆகாது. தவித்த மனிதரா? பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தங்கினால் அடிமைக்கு விடுதலை என்று சட்டம் இருந்தது. ஜனாதிபதியாக அந்த மாநிலத்து பிலடெல்பியாவில் இருந்தபோது வீட்டு வேலைக்கு வைத்திருந்த அடிமைகளை அந்த ஆறு மாதம் முடிவதற்குள் மாநிலத்தை விட்டு அனுப்பி அனுப்பிக் கூட்டிவந்தார், வெளியே தெரியாமல் செய்யச் சொல்லிச் செயலாளருக்குக் கடிதம் வேறு. மார்த்தாவின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ், பேத்திக்குப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, 1796 மே மாதம் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிளம்பிப் போனார். நியூ ஹாம்ப்ஷயர் வரை ஆள் விட்டுத் தேடினார் உங்கள் சாது. 1799இல், அந்த உயில் எழுதிய அதே வருடம், மறுபடியும் ஆள் போனது. ஓனா 1848இல் சாகும்வரை சட்டப்படி அடிமைதான்.

வடகரை:
ஓனாவும் கஸ்டிஸ் சொத்துதான். தொலைந்தால் வாஷிங்டன்தான் அந்தக் குடும்பத்துக்கு ஈடு கட்ட வேண்டும். திரும்பத் திரும்ப இதையே சொல்ல வைக்கிறீர்கள். போன மாதம் இன்னொரு ஜனாதிபதி ஜெஃபர்சன் பற்றிய விவாத இழையிலும் இதே பிடிவாதம்தான், கடைசியில் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

தாமிரபரணி:
ஓடவில்லை, உங்கள் நண்பர் இழையைப் பூட்டினார். சரி, எலிஷாவுக்கு என்ன பதில்? மார்த்தாவுக்கே சொந்தமான அடிமை அவர், கஸ்டிஸ் சொத்து கிடையாது, எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. விடுவிக்காமல் பேரனுக்கு எழுதிவைத்தார். அதே வீடுதானே?

மாடவிளக்கு:
மார்த்தா செய்ததற்கு வாஷிங்டன் எப்படிப் பொறுப்பு? அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அப்போது. பல் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

தாமிரபரணி:
பல்லுக்குத் தனி இழை போடுங்கள். வடகரை, எலிஷா?

வடகரை:
உயிலை முதலில் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.