டேஷ்போர்டு நடு பேனல் கழண்டு ஆடுது, ஒட்டினாலும் நிக்கல. கொஞ்சம் அவசரம்

எல்போர்டு_அம்பத்தூர்:
எல்லாருக்கும் வணக்கம். டேஷ்போர்டு நடுவுல இருக்கற பேனல் லெஃப்ட் சைடு கழண்டு வந்துடுச்சு. கையால அமுக்குனா உக்காருது, ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறுனா திரும்ப வாயப் பொளக்குது. அஞ்சு ரூபா சூப்பர் க்ளூ ரெண்டு தடவ போட்டாச்சு, காலைல ஒட்டுனா சாயங்காலம் பிரிஞ்சிடுது, சுத்தி வெள்ளையா பூத்த மாதிரி வேற ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழம மாமனார் ஊர்லேந்து வராரு, கிளாம்பாக்கம் போய் கூட்டிட்டு வரணும், வண்டிய எனக்குக் குடுத்ததே அவர்தான். சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்பேனர்_செட்:
என்ன வண்டி?

கத்திரி_வெயில்:
வண்டி பேரு இல்ல, வருஷம் இல்ல, போட்டோ இல்ல. ஆனா மாமனார் எந்த பஸ் ஸ்டாண்டுல எறங்குறாருன்னு மட்டும் கரெக்டா சொல்லிட்டீங்க 😀
வெயில்ல நிறுத்துறீங்களா? சொல்லலன்னாலும் அதான் காரணம். கண்ணாடி ஏத்திட்டு மதியம் வெளில நிறுத்துனா டேஷ்போர்டு மேல கை வைக்க முடியாது, அந்த சூட்டுல பிளாஸ்டிக் வளைஞ்சி லாக்கு நகந்துடும். மொதல்ல ஒரு சன் ஷேடு வாங்குங்க.

ஸ்பேனர்_செட்:
சன் ஷேடு வாங்குனா கழண்ட பேனல் தானா மாட்டிக்குமா?

பழைய_கார்பரேட்டர்:
இதப் பத்தி முன்னாடியே ரெண்டு தடவ விவரமா எழுதிட்டேன், தேடிப் பாக்கற பழக்கம்தான் இங்க யாருக்கும் கிடையாது. பரவால்ல, மறுபடி சொல்றேன். பிளாஸ்டிக்னா எல்லாம் ஒண்ணு கெடையாது. பேனல கழட்டித் திருப்பிப் பாருங்க, உள்பக்கம் ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல எழுத்து இருக்கும். ஏபிஎஸ்னு இருந்தா சூப்பர் க்ளூ, அரால்டைட் ரெண்டுமே பிடிக்கும். பிபின்னு இருந்தா நீங்க கடையையே வாங்கி ஊத்துனாலும் ஒட்டாது, தனியா ப்ரைமர் அடிக்கணும், இல்லன்னா சூடு வச்சி உருக்கி சேக்கணும். வெள்ளையா பூத்தது க்ளூவோட ஆவி போய் படிஞ்சது, ஜாஸ்தி ஊத்துனா அப்படித்தான். கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் எடுத்துட்டு கொஞ்ச நேரம் விடுங்க, ஏர்பேக் வண்டின்னா மஞ்ச கலர் கனெக்டர் பக்கமே போகக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பிடாதீங்க, பழைய ஏடிஎம் கார்டு போதும்.

பாடி_மேம்பாலம்:
எழுத்து அழிஞ்சி போயிருந்தா ஈஸி வழி இருக்கு சார். உடைஞ்ச சின்னத் துண்டு ஒண்ண தண்ணில போடுங்க, மெதந்தா பிபி, முழுகுனா ஏபிஎஸ்.

பழைய_கார்பரேட்டர்:
அது பக்கெட்டுக்கு சரி தம்பி. டேஷ்போர்டுக்கு வர்ற பிபில டால்க் பவுடர் கலந்திருப்பான், பிபி டிடி20ன்னு போட்டிருந்தா 20 சதவீதம் டால்க்னு அர்த்தம். அதுவும் முழுகும். தெரியாம சொல்லி அடுத்தவன குழப்பக் கூடாது.

பாடி_மேம்பாலம்:
சரி சார், தெரியாது. தெரிஞ்சத சொன்னேன், அவ்ளோதான்.

மடிப்பாக்கம்_அக்கா:
அந்த டெஸ்ட்டுக்கு பதிலா, வெளில தெரியாத எடத்துல பட்ஸ்ல துளி அசிட்டோன் வச்சுப் பாக்கலாம். பிசுபிசுன்னு ஆனா ஏபிஎஸ், ஒண்ணும் ஆகலன்னா பிபி. ஏபிஎஸ்ஸா இருந்தா உடைஞ்ச லெகோ கட்டைய அசிட்டோன்ல கரைச்சி கூழ் மாதிரி ஆக்கி உள்பக்கமா தடவுங்க, நல்லா கல்லு மாதிரி புடிக்கும், என் பையனோட கட்டை ரெண்டு அப்படித்தான் போச்சு. கதவத் தொறந்து வச்சிட்டு செய்யுங்க, கிட்ட ஊதுவத்தி கீது எதுவும் கூடாது. தம்பி, இன்னும் என்ன வண்டின்னு சொல்லலயே?

எல்போர்டு_அம்பத்தூர்:
சாரி சாரி, ஆபீஸ்ல இருந்தேன். சான்ட்ரோ ஜிங் 2006. வெயில்லதான் நிக்குது, எங்க தெருவுல மரமே இல்ல. வாரா வாரம் டேஷ்போர்டுக்கு தேங்கா எண்ணெய் தடவி தொடச்சிடுவேன், மாமனார் சொல்லிக் குடுத்தது, அதனால பிளாஸ்டிக் நல்லாதான் இருக்கு.

ஸ்பேனர்_செட்:
எண்ணெயா 🤦 அதுக்கு மேலயா பசை போட்டீங்க

மடிப்பாக்கம்_அக்கா:
பிபியோ ஏபிஎஸ்ஸோ, எண்ணெய் மேல எதுவுமே நிக்காதுப்பா. சோப்புத் தண்ணில கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு தொடச்சி, 120 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேச்சிட்டு அப்புறம் ஒட்டணும்.

கத்திரி_வெயில்:
எண்ணெயே பரவால்ல, கடைல விக்கற சிலிகான் பாலிஷ் அடிச்சா இன்னும் மோசம். எங்க அப்பா அம்பாசடருக்கு எண்ணெய்தான் தடவுவாரு, ஒண்ணும் ஆனதில்ல.

பாடி_மேம்பாலம்:
தூசி ஒட்டும் ப்ரோ. வேளச்சேரி பக்கம் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தா டேஷ்போர்டுல கோலமே போடலாம்.

கத்திரி_வெயில்:
தூசி எல்லாருக்கும்தான் ஒட்டுது. என் வண்டில பிள்ளையார் பதினோரு வருஷமா அசையாம உக்காந்திருக்காரு, சிவப்பு பேப்பர் உரிச்சி ஒட்டுற டபுள் டேப்புதான். எண்ணெயும் தடவிருக்கேன், பாலிஷும் அடிச்சிருக்கேன். இவரும் அந்த டேப்ப வச்சி ஒட்டிட்டு போக வேண்டியதுதான, எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?

ஸ்பேனர்_செட்:
பிள்ளையார ஒட்டுனதுக்கு அப்புறம்தான சுத்தி எண்ணெய் தடவுனீங்க? டேப்புக்கு அடில எண்ணெய் போகல. அவரு வேற நேரா உக்காந்திருக்காரு, யாரும் இழுக்கல. இந்த பேனல் நிமிஷத்துக்கு ஒரு தடவ இழுபடுது.

கத்திரி_வெயில்:
அவர யாரு இழுப்பா, கண்ணு போயிடும்.

பழைய_கார்பரேட்டர்:
விஷயத்துக்கு வரலாமா? நம்ம இருங்காட்டுக்கோட்டைல செஞ்ச வண்டி, உடைஞ்சா பழைய பேனல் கெடைக்காம போகாது. புதுப்பேட்டைக்கு ஒடைஞ்சத கைல எடுத்துட்டு போங்க, வாய்ல சொன்னா வேற வருஷத்துது எடுத்துக் குடுத்துடுவான். கலர் சரியா இருக்காது, அடிச்சிக்கலாம்.

ஸ்பேனர்_செட்:
ஒரு நிமிஷம். ஒரு பக்கம் மட்டும் கழண்டிருக்குன்னா எனக்கு வேற டவுட்டு. சமீபத்துல யாராவது அந்த பேனல கழட்டினாங்களா? ஸ்டீரியோ கீரியோ?

எல்போர்டு_அம்பத்தூர்:
ஆமா, போன மாசம் டச் ஸ்க்ரீன் மாட்டுனேன், ஒரு கடைல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்பேனர்_செட்:
ஐயா சாமி. இத மொதல்லயே சொல்லிருந்தா இவ்ளோ நேரம் பசையப் பத்தி பேசிருக்க வேணாம். அவன் வெடுக்குன்னு இழுத்திருப்பான். பேனல் பின்னாடி சின்ன நாக்கு மாதிரி இருக்கும், அதுல தகட்டு கிளிப்பு செருகி இருக்கும், இழுக்கறப்ப சில சமயம் கிளிப்பு மட்டும் ஓட்டைலயே நின்னுடும் இல்ல உள்ள விழுந்துடும். கிளிப்பு இல்லாத நாக்கு ஓட்டைக்குள்ள சும்மா போய்ட்டு வரும், அமுக்குனா உக்காரும், ஆட்டுனா வரும், நீங்க சொன்ன அதே கதைதான். டார்ச் அடிச்சி உள்ள பாருங்க. ஓட்டைல நிக்கற கிளிப்ப மூக்கு ப்ளையர்ல எடுத்து நாக்குல மாட்டிட்டு அப்புறம் பேனல அமுக்குங்க, டக்குனு சத்தம் வரணும். ஸ்க்ரூ எல்லாம் திரும்ப போட்டானான்னும் பாருங்க. ஸ்க்ரூ போற காது உடைஞ்சிருந்தாதான் ஒட்டற வேலையே.

பழைய_கார்பரேட்டர்:
இதையும் அன்னைக்கே எழுதிருந்தேன்.

ஸ்பேனர்_செட்:
எழுதிருப்பீங்க சார்.

பாடி_மேம்பாலம்:
காது உடைஞ்சிருந்து அது பிபியா இருந்தா, ஸ்டேப்ளர் பின்ன சால்ட்ரிங் அயர்ன்ல சூடு பண்ணி பொளவுக்கு குறுக்கால உள்ள எறக்கலாம், மேல அதே பிளாஸ்டிக்க கொஞ்சம் உருக்கி மூடிடலாம். என் வண்டி க்ளவ் பாக்ஸ் அப்படித்தான் நிக்குது. (இது முழுகுமா மெதக்குமான்னு நான் பாக்கல சார்.)

எல்போர்டு_அம்பத்தூர்:
சரியாயிடுச்சு. ஒரு கிளிப்பு ஓட்டைலயே இருந்துச்சு, இன்னொண்ணு ஸ்டீரியோ பின்னாடி விழுந்து கெடந்துச்சு. ஒரு ஸ்க்ரூ போடவே இல்ல. காது லேசா விட்டிருந்துச்சு, அதையும் சரி பண்ணிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மடிப்பாக்கம்_அக்கா:
சந்தோஷம்பா. மாமனார் என்ன சொன்னாரு?

எல்போர்டு_அம்பத்தூர்:
பேனல பாக்கவே இல்ல. டேஷ்போர்டு ஏன் காஞ்சி கெடக்குன்னு கேட்டாரு.

பழைய_கார்பரேட்டர்:
காத எதால ஒட்டுனீங்க, பின்னாடி என்ன எழுத்து இருந்துச்சு? அதச் சொன்னாதான அடுத்து வர்றவனுக்கு உபயோகம்.

பழைய_கார்பரேட்டர்:
ஹலோ?