‘வைல்ட் அட் ஹார்ட்’ படத்தில் அந்தத் தேவதை எதற்காக வருகிறாள்?

மாலைக்காட்சி எழுதியது:

டேவிட் லிஞ்ச் இயக்கி, 1990ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘வைல்ட் அட் ஹார்ட்’ படத்தை நேற்றிரவு இரண்டாம் முறையாகப் பார்த்தேன். சிறையிலிருந்து வந்த சேய்லரும் அவனுடைய காதலி லூலாவும், அவளுடைய தாய் மரியெட்டாவின் பிடியிலிருந்து தப்பித் திறந்த காரில் கலிஃபோர்னியாவை நோக்கிக் கிளம்புவதில் எனக்குக் குழப்பம் ஏதுமில்லை. ஆனால், தாய் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரியாகத் தெரிவதும், இறுதியில் ஒரு தேவதை வானிலிருந்து இறங்கிச் சேய்லருக்குப் புத்தி சொல்வதும் கதைக்கு வெளியே ஒட்டிக்கொண்டவை போலத் தோன்றுகின்றன. பேரி கிஃபோர்டின் மூல நாவலில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அதை மாற்றி இருவரையும் சேர்த்துவைத்ததற்கு ஆதாரம் படத்துக்குள்ளேயே இருக்கிறதா? (முடிவைப் பேசாமல் இதைக் கேட்க இயலவில்லை, படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.)

நெடுஞ்சாலை எழுதியது:

இருக்கிறது என்றே நம்புகிறேன், நண்பரே. துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரியும் நல்ல தேவதையும் வரும் 1939ஆம் ஆண்டின் ‘தி விஸார்ட் ஆஃப் ஓஸ்’ அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த படம். லூலாவுக்கு நடந்த கொடுமைகளைச் சொல்ல அவளிடம் வேறு மொழி இல்லை. அச்சம் வரும்போதெல்லாம் அந்தக் கதைக்குள்தான் ஒதுங்குகிறாள். பிக் டூனா என்னும் டெக்ஸஸ் ஊரின் விடுதி அறையில், வில்லெம் டஃபோ நடித்த பாபி பெரு அவளை மிரட்டி அவமானப்படுத்திவிட்டு வெளியேறியதும், அவள் தன் சிவப்புக் காலணிகளின் குதிகால்களை ஒன்றோடொன்று தட்டுகிறாள். அந்தப் பழைய படத்தில் அப்படித் தட்டினால் வீடு போய்ச் சேரலாம். இவளுக்கோ போய்ச் சேர வீடே இல்லை. அந்த ஓசை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதன் பிறகு தேவதையை என்னால் அலங்காரமாகக் கருத முடியவில்லை. அதுவரை லூலாவின் கற்பனையில் மட்டும் வாழ்ந்தவள், அடிபட்டுத் தெருவில் கிடக்கும் சேய்லருக்குத் தெரிகிறாள் என்றால், லூலாவின் மொழி இப்போது அவனுக்கும் சொந்தமாகிவிட்டது என்றுதான் பொருள். மனைவிக்கு மட்டுமே பாடுவேன் என்று எடுத்துவைத்திருந்த ‘லவ் மீ டெண்டர்’ பாடலை, நெரிசலில் நிற்கும் கார்களின் மேல் ஓடிவந்து அவன் பாடுவதும் அதன் பின்னர்தான். மரியெட்டாவாக நடித்த டயான் லாட், லூலாவாக நடித்த லாரா டெர்னின் உண்மையான தாய் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரவுப்பேருந்து எழுதியது:

மேலே உள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆயினும் சாலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லூலா வண்டி ஓட்டியபடி வானொலியைத் திருப்புகிறாள். எந்த அலைவரிசையிலும் கொலையும் கொடூரமுமான செய்திகளே வருகின்றன. தாங்க முடியாமல் வண்டியை நிறுத்தி, பாட்டு ஏதாவது வையுங்கள் என்று அலறுகிறாள். பேரிரைச்சலான மெட்டல் இசை கிடைத்ததும் இருவரும் சாலையோரத்தில் வெறிபிடித்தாற்போல் ஆடுகிறார்கள். கேமரா மெல்ல மேலெழும்ப, அந்த இரைச்சல் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘இம் ஆபெண்ட்ரோட்’ (அந்தியொளியில்) இசையில் கரைந்து, அந்திச் சூரியன் மட்டும் மிஞ்சுகிறது. ஓடிப்போகும் காதலர் கதைகளில் பொதுவாகச் சாலை என்றால் விடுதலை. இதில் தப்பிவந்த உலகமே அவர்களுக்கு முன்னால் போய்க் காத்திருக்கிறது. நள்ளிரவில் சாலையெங்கும் துணிகள் சிதறிக் கிடக்க, தலையில் அடிபட்ட பெண் தன் பணப்பையைத் தேடித் தடுமாறிக்கொண்டே அவர்கள் கண்ணெதிரே உயிர்விடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவளுக்காக அவர்களால் எதுவும் செய்ய முடிவதில்லை.

மாலைக்காட்சி எழுதியது:

இருவருக்கும் நன்றி. குதிகால் ஓசையை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். இறுதியில் லூலா தாயின் புகைப்படத்தின் மீது கோப்பையில் இருந்ததை வீசுவதும், பிறகு அந்த உருவம் புகைந்து மறைவதும், நீர்பட்டு உருகும் ஓஸ் சூனியக்காரியின் முடிவேதான் என்று இப்போது தெரிகிறது. ஆனாலும், விபத்தில் இறந்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் எந்தத் தேவதையும் வரவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.