ஜான் டென்வர் விபத்து: தவறு விமானியுடையதா, வால்வை அங்கே வைத்தவருடையதா?

சுக்கான்:
1997 அக்டோபர் 12. கலிஃபோர்னியாவில் மான்டெரே அருகே, வரைபடத்தை வைத்துத் தனிநபர் சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் லாங்-ஈஸி ரகச் சிறு விமானம் கடலில் விழுந்து பாடகர் ஜான் டென்வர் இறந்தார். "பெட்ரோல் போடாமல் பறந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த ரகத்தை வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தில், எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வரக்கூடாதென்று, இந்த விமானத்தைக் கட்டியவர் வால்வை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கைப்பிடியில் குறியீடே கிடையாது. வலப்பக்கம் திருப்பினால் இடது டேங்க், கீழே திருப்பினால் வலது டேங்க், மேலே திருப்பினால் அடைப்பு! பதற்றத்தில் யாருக்கு இது நினைவிருக்கும்?

காற்றோட்டம்:
வால்வு மோசமான இடத்தில் இருந்ததை நான் மறுக்கலைங்க. ஆனா அது அவருக்குத் தரையிலேயே தெரியும். கைப்பிடி எட்டலைன்னு டெக்னீஷியனோட சேர்ந்து வைஸ் கிரிப் பிளையரை (கவ்விப் பூட்டிக்கிற இடுக்கி) மாட்டி நீட்டிப் பார்த்தாங்க, அப்பவும் எட்டலை. வலது டேங்க்ல பாதிக்கும் கம்மி, இடதுல கால் பங்குக்கும் கம்மின்னு டெக்னீஷியன் சொன்னார். எரிபொருள் அளவைக் காட்டுற கண்ணாடி பின்னாடி இருந்ததால, பார்க்க ஒரு சின்ன முகக்கண்ணாடியும் கொடுத்தார். "ஒரு மணி நேரம்தான் பறப்பேன்"னு டென்வர் பெட்ரோல் வேண்டாம்னுட்டார். 2,700 மணி நேரத்துக்கு மேல பறந்தவர். ஆனா இந்த ரகத்துல முந்தின நாள் சுமார் அரை மணி நேரப் பயிற்சிதான்.

சுக்கான்:
அந்த அனுபவசாலியின் உடல் என்ன செய்யும் என்று பாருங்கள். விமானத்தை இயக்கும் ஸ்டிக் வலப்பக்கம் இருக்கிறது. அதை விட்டு, தோள் பெல்ட்டை அவிழ்த்து, இடப்பக்கம் 90 பாகை திரும்பி, வலது கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அப்படித் திரும்பினால் முட்டுக்கொடுக்க வலது கால் தானாகவே வலது ரடர் பெடலை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் மிதி) மிதித்துவிடுகிறது. விசாரணையில் உட்கார்ந்து பார்த்தபோதும் இதுவே நடந்தது. மூக்கு வலப்பக்கம் இழுக்கும், இறக்கை சாயும். சுமார் 500 அடியில் மீட்க உயரம் ஏது? இத்தனைக்கும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வால்வின் இடத்தை 'காரணி' (துணை நின்றது) என்றுதான் எழுதியது, 'காரணம்' என்று எழுதவில்லை.

காற்றோட்டம்:
அந்த 500 அடிதாங்க என் வாதமே. தேவைப்பட்டா ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு வால்வைத் திருப்பிக்கிறேன்னு அவர் சொல்லியிருந்தார். அந்தத் திட்டத்துக்கு உயரம் வேணும். எரிபொருள் கம்மியா இருக்கிற டேங்க்ல, கடலோரமா, தாழ்வாப் பறந்தா அந்தத் திட்டம் எங்க நிக்கும்?

இறகு:
இருவருக்கும் ஒரு கேள்வி. சொந்தமாகக் கட்டிய விமானத்தில் வரைபடத்தை அப்படியே பின்பற்ற அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அப்படியானால் இரண்டாம் கையாக வாங்குபவர்தான் கடைசிப் பரிசோதகர். பெல்ட்டை இறுக்கிக் கட்டி, கண்ணை மூடி, வால்வு, த்ராட்டில் (எஞ்சின் வேகப்பிடி), மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைப்பிடி), மாஸ்டர் சுவிட்ச் (முதன்மை மின் சுவிட்ச்) நான்கையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று எட்டவில்லை என்றாலும் விமானம் ஹாங்கரிலேயே நிற்கட்டும்.

காற்றோட்டம்:
ஒத்துக்கிறேன். அதோட, கிளம்பும்போது நிறைய இருக்கிற டேங்க்ல வால்வை வைங்க. எஞ்சின் ரன்-அப்பையும் (கிளம்புறதுக்கு முன்னாடி எஞ்சினை முடுக்கிச் சோதிக்கிறது) அதே டேங்க்லதான் பண்ணணும். டேங்க் மாத்துறதா இருந்தா, ஓடுதளத்துக்குச் சறுக்கியே வந்து சேர்ற உயரத்துல மட்டும் மாத்துங்க. தாழ்வா இருக்கும்போது எஞ்சின் இருமினா, முதல்ல மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடிங்க. கை அப்புறம்தான் வால்வுக்குப் போகணும்.

சுக்கான்:
தோளுக்குப் பின்னால் வால்வு இருக்கும் விமானத்தில் அந்த "அப்புறம்" கிடைக்காது. முதலில் வால்வை முன்னால் கொண்டுவரட்டும்.