முதல் எஸ்பிரஸ்ஸோ இயந்திரமும் மூன்று வார அரவையும்

எங்கள் வீட்டில் காபி என்றால் பித்தளை ஃபில்டரில் இறங்கிய டிகாஷன்தான். எஸ்பிரஸ்ஸோ என்ற சொல்லைச் சிறுவயதில் நான் கேட்டது கல்யாண வரவேற்புகளில். அங்கே இன்ஸ்டன்ட் காபித்தூள் கலந்த பாலை நீராவிக் குழாயில் பொங்க வைத்து, மேலே சாக்லேட் பொடி தூவித் தருவார்கள். அந்த நுரையையே எஸ்பிரஸ்ஸோ என்று நம்பியிருந்த எனக்கு, ஏறத்தாழ 93 டிகிரி வெந்நீரை 9 பார் (காற்றுமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் நுண்ணிய காபிப் பொடிக்குள் செலுத்தி அரை நிமிடத்தில் வடித்தெடுக்கும் சாறுதான் அது என்பது, சென்ற ஆண்டு கோவையில் எங்கள் சமையலறை மேடைக்கு ஓர் இயந்திரம் வந்த பிறகுதான் புரிந்தது. மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இயந்திரம்கூட வெறும் நீராவியின் அழுத்தத்தில்தான் ஓடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகில்லே காஜியா நெம்புகோலால் அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டியபோதுதான், இன்று கிரீமா என்று நாம் சொல்லும் பொன்னிற ஏடு கோப்பையில் படியத் தொடங்கியது.

முதல் நாளே ஒரு பெரிய தவறு செய்தேன். ஃபில்டருக்கு வழக்கமாக வாங்கும், நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி கலந்த பொடியை, இன்னும் நைஸாக அரைத்துத் தரச் சொல்லி வாங்கி வந்து, கைப்பிடியின் கிண்ணத்தில் நிரப்பி நன்றாக அழுத்திப் பொத்தானைத் தட்டினேன். பம்ப்பின் இரைச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நாற்பது விநாடி கழித்துத் தார் போல இரண்டு சொட்டு விழுந்தது. டிகாஷன் கெட்டியாக இறங்க உதவும் சிக்கரி, இங்கே தண்ணீரை உறிஞ்சி ஊறிப் பிசினாகி வழியையே அடைத்துவிட்டது. பொறுமையிழந்து கைப்பிடியைத் திருகிக் கழற்றியதும், உள்ளே தேங்கியிருந்த அழுத்தம் சுடு சேற்றை என் முழங்கையிலும் சுவரிலும் வாரி இறைத்தது. புதிதாகத் தொடங்குபவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: சாறு இறங்காமல் நின்றுவிட்டால் பம்ப்பை அணைத்து, ஓரிரு நிமிடங்களாவது காத்திருந்து, அதன் பிறகே கைப்பிடியைத் தொடுங்கள்.

அடுத்து, சிக்கரி சேராத சிக்மகளூர் அராபிகா கொட்டையை வாங்கி மிக்ஸியில் அரைத்தேன். மிக்ஸியின் கத்தி கொட்டையை அடித்து உடைக்குமே தவிர ஒரே சீராக அரைக்காது. மாவும் குருணையும் கலந்தே வரும். மாவிலிருந்து கசப்பும் குருணையிலிருந்து புளிப்பும் ஒரே கோப்பைக்குள் இறங்கின. அழுத்தத்தில் வரும் தண்ணீர் பொடியின் நெகிழ்ந்த இடத்தைத் தேடி வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடிவிடுவதால், மற்ற இடத்துப் பொடி சரியாக நனையக்கூட இல்லை. இயந்திரத்துக்கே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்ட நான், பல்சக்கரங்களுக்கு இடையே கொட்டையைச் சீராக நசுக்கும் கை அரவை இயந்திரம் ஒன்றை அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வாங்க முடிந்தது. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 15 பார் என்பது பம்ப்பால் அதிகபட்சம் தர முடிகிற அழுத்தம் மட்டுமே. அந்த எண்ணைப் பார்த்து விலை கூடிய இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பதில், பாதித் தொகையை அரவை இயந்திரத்துக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

அதன்பின் மூன்று வாரம், 18 கிராம் பொடிக்கு 36 கிராம் சாறு என்ற கணக்கை மட்டும் மாற்றாமல், அரவையை ஒவ்வொரு படியாக நைஸாக்கிக்கொண்டே வந்தேன். முதலில் 11 விநாடியில் வெளிறிய புளித்தண்ணீர் கொட்டியது. நான்கு படி இறக்கியதும் 50 விநாடி இழுத்து நாக்கைச் சுட்ட கசப்பாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டை வறுத்துப் பத்து நாள் ஆகியிருந்த நிலையில், பொடியை ஊசியால் கிளறிக் கட்டி உடைத்து, சமமாக அழுத்தி எடுத்தபோது, எட்டாவது விநாடியில் முதல் துளி தோன்றி, எலிவால் போல மெலிந்த இழையாக நீண்டு, கரும்பழுப்பிலிருந்து தேன் நிறத்துக்கு மாறி, 28 விநாடியில் 36 கிராமைத் தொட்டது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "டிகாஷன் மாதிரிதான் இருக்கு, ஆனா முழுங்கின பிறகும் வாயிலேயே நிக்குதுடா" என்றார்.

* * *

மேலே எழுதியவர் அரவையைச் சொல்லிவிட்டார். சென்னையில் எனக்கு வந்த தொல்லை தண்ணீரால் வந்தது. எங்கள் அடுக்ககத்தின் போர் தண்ணீரையே எஸ்பிரஸ்ஸோ இயந்திரத்தின் தொட்டியில் ஊற்றி வந்ததில், எட்டே மாதத்தில் நீராவி வலுவிழந்தது. திறந்து பார்த்த மெக்கானிக், கொதிகலனுக்குள் வெள்ளைவெளேரென்று படிந்திருந்த சுண்ணாம்புப் பாளத்தைச் சுரண்டிக் காட்டினார். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலை இருமுறை ஓடவிட்ட பிறகுதான் நிலைமை சீரானது. இப்போது கேன் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனால் தாது உப்பு அறவே இல்லாத தண்ணீரும் ஆகாது. அதில் காபி சப்பென்று இருக்கும், சில இயந்திரங்களின் நீர்மட்ட உணரிக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது.

பாலையும் சொல்லியாக வேண்டும். காய்ச்சாத பாலைத் தொடவே கூடாது என்று வளர்ந்த வீடு எங்களுடையது. காய்ச்சி ஆறிய பாலில் இயந்திரத்தின் நீராவிக் குழாயை இறக்கியபோது, ஆடைத் துணுக்கு ஒன்று நுனித் துளையை அடைத்துக்கொண்டது. பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்யப்பட்டது என்று வீட்டில் எடுத்துச் சொல்லி, குளிர்ந்த பாலை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுக்கத் தொடங்கிய பிறகே, 60 முதல் 65 டிகிரிக்குள் பட்டுப்போன்ற நுரை கிடைத்தது. பாத்திரத்தை ஏந்திய உள்ளங்கை சூட்டைத் தாங்காமல் விலகும் அந்தக் கணத்தில் நீராவியை மூடிவிடுகிறேன். மூடியதும் ஈரத்துணியால் குழாயைத் துடைத்து, ஒரு நொடி ஊதவிட்ட பிறகே கோப்பையைக் கையில் எடுக்கிறேன்.